கரும்புக்குள் போன டோலக்

உயிர் பிழைக்க ஓடுகிறவன் எதை எடுத்துக்கொண்டு ஓடுவான்? தண்ணீர், மருந்து, பாஸ்போர்ட். நான் டோலக்கோடு ஓடினேன். மூச்சுச் சத்தம் கேட்டாலே ஆபத்து என்கிற இடத்துக்கு மேளத்தைக் கொண்டுபோன முட்டாள் ஃபீஜித் தீவின் இந்தப் புலிலேகாவில் நான் ஒருவன்தான். சிரித்துக்கொள்ளுங்கள். இந்த முட்டாளையும் மாரியம்மன் கைவிடவில்லை. அதைச் சொல்லத்தான் நம் கோயில் ஜனங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் லம்பாசாப் பக்கத்திலும் கும்பல்கள் நம் இந்தியர் வீடுகளுக்குள் புகுந்து கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு போயின. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் ஆக்லாந்து, சிட்னி என்று கிளம்பிவிட்டார்கள். சிட்னியில் இருந்த எங்கள் மகனும் வா வா என்றான். எப்படிப் போவது? என் மனைவி ராஜம்மாவுக்கு அல்சைமர். வாசலைத் தாண்டினாலே நடுங்குவாள்.

வியாதி வந்த புதிதில் நான் அவளுக்குத் தினமும் பரீட்சை வைத்தேன். இது யார், அது யார், நான் யார்? அவள் அழுவாள், நான் கத்துவேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த டாக்டரம்மாதான் என்னை உட்காரவைத்துத் திட்டினார். கேள்வி கேட்காதீர்கள், கூட உட்கார்ந்து பாடுங்கள், விளையாடுங்கள் என்றார்.

அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் நான் டோலக்கை எடுப்பேன். அவள் கைத்தாளம் போட்டு அம்மன் பாட்டுப் பாடுவாள். என் பெயர் தெரியாதவளுக்குப் பாட்டில் ஓர் அடி தவறாது. அது முடிந்ததும் புளியங்கொட்டை விளையாட்டு. ஒருவர் கொட்டையை ஒரு கைக்குள் மூடிக்கொள்ள, மற்றவர் எந்தக் கை என்று காட்ட வேண்டும். மூடினவர் வாயைத் திறந்தால் தோல்வி. சிரித்தாலும் தோல்வி. தோற்பது அவளுக்கு ஆகாது. சில நாள் கொட்டையை ரவிக்கைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். மெல்ல மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். தூங்கினாள்.

ஒருநாள் அந்தி. டோலக் வாரை அப்போதுதான் கழுத்தில் மாட்டியிருந்தேன். பக்கத்துப் பூர்வகுடி ஃபீஜியர் கிராமத்துச் சேமி மூச்சிரைக்க ஓடி வந்தான். கும்பல் அடுத்த வீட்டில் நிற்கிறது, உடனே கரும்புக்குள் போங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டு எங்களுக்கு மறுபக்கத்து வீட்டாரை எச்சரிக்க ஓடினான். நான் ராஜம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். நடுக் கரும்பில் குந்தியபோதுதான் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று தெரிந்தது.

அவளும் பார்த்தாள். விளக்கு வைக்கும் நேரம், எதிரே டோலக். தொண்டையைச் செருமினாள்.

"என்ன, ஆரம்பிக்கலையா?" என்றாள். கோயில் மண்டபத்தில் கேட்பதுபோல உரக்க.

வீட்டுப் பக்கம் கண்ணாடி உடைந்துகொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது. வாயைப் பொத்தினால் அலறுவாள். பொத்தாவிட்டால் பாடுவாள். தாளத்துக்குக் கையை வேறு தூக்கிவிட்டாள்.

தாயே, இத்தனை வருஷம் எங்கள் பாட்டைக் கேட்டாய், இன்றைக்கு மட்டும் வேண்டாம் தாயே என்று மனதுக்குள் கெஞ்சினேன். தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அதுவரை மற்றவர்களை மேளம் தட்டித் தீயில் இறக்கிவிட்டு, நான் குளிர்ந்த தரையில் நிற்கிற ஆள். அந்த நொடியில் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. விரலில் புளியங்கொட்டை தட்டுப்பட்டது. யார் அந்தக் கையை அங்கே கொண்டுபோனது? கொட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மூடி, முன்னால் நீட்டினாள். உதடு பூட்டியதுபோல் இறுகியது.

யாரோ தடியால் கரும்பைத் தட்டிக்கொண்டே வரப்போடு வந்தான். தோகை அசைந்தது. என் கழுத்தில் எறும்பு ஏறியது. நான் விரலால் இடது கையைக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி ஒளித்தாள். காட்டினேன், ஒளித்தாள். காட்டினேன், ஒளித்தாள். வாயைத் திறக்கவே இல்லை. தடிச் சத்தம் தூரமானது. பிறகு ஒரு லாரி கிளம்பிப் போனது.

சேமி வந்து கூப்பிட்டான். அவளைத் தாங்கவேண்டிய என்னை அவன் தாங்கினான். வீட்டில் ஆடு இல்லை, ரேடியோ இல்லை. நாங்கள் இருந்தோம்.

நேர்ந்தபடி தீ மிதித்தேன். நடந்தேன் என்று பூசாரி சொல்கிறார். பார்த்தவர்கள் ஓடினேன் என்கிறார்கள். இப்போது ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் ஞாபகம் போனவர்களோடு உட்கார்ந்து பாடுகிறோம், விளையாடுகிறோம். யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் கூட்டி வாருங்கள். பயம் போய்விடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். கரும்பு அசைந்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. நடுங்குகிற கையோடே அம்மாவைக் கூப்பிடுங்கள். வருவாள்.

இதை எழுதி முடித்து ராஜம்மாவிடம் படித்துக் காட்டினேன். என் வேண்டுதலை அம்மன் எப்படிக் கேட்டாள் பார்த்தாயா என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேண்டுனது நானு."