மேசையில் ஒரு சின்னக் கொடி

டென்மார்க்காரருக்குக் கொடி என்றால் கேக். பிறந்தநாளா, பேரப்பிள்ளை பிறந்ததா, நாய்க்குச் சுகம் வந்ததா, உடனே மரக்கம்பத்தில் கட்டிய ஒரு சின்னச் சிவப்புக் கொடி மேசைக்கு வந்துவிடும். இத்தனை வருடம் ஹோர்சன்ஸ் நகரத்தில் இருந்தும் எனக்கு இது பழகவில்லை. கொடியைக் கண்டால் அது யாருடையது என்று பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு போவதா, வந்த வழியே திரும்புவதா என்று யோசித்த ஊரில் வளர்ந்தவன் நான்.

அன்று காலை எங்கள் பண்டகசாலையின் ஓய்வறையில் அந்தக் கொடி நின்றது. யாருக்குப் பிறந்தநாள் என்று யோசித்துக்கொண்டே கை கழுவினேன். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான லோன, தங்கமான மனுஷி, கேக்கை வெட்டியபடி, என்னோடு பெட்டி அடுக்கும் ஹமீதின் தோளில் தட்டினாள். "டிலூக்கே!" என்றாள். வாழ்த்துக்கள் என்று அர்த்தம். "செய்தியில சொன்னவை. கறுப்புக் கொடிக்காரற்ற கடைசிக் கிராமமும் விழுந்திட்டுதாம். உன்ர சண்டை முடிஞ்சுது, ஹமீத்!"

ஹமீத் மோசூல் நகரத்தவர்; அந்தக் கறுப்புக் கொடிக்காரர் பிடித்து வைத்திருந்த ஊர் அது. "தக்" என்று நன்றி சொல்லிக் கேக்கை வாங்கினார். ஆனால் கரண்டியைத் தொடவில்லை. பத்து வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், இதே லோன இதே மேசையில் எனக்கும் கேக் வெட்டினாள். எங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சண்டை முடிந்தால் சனம் சந்தோஷப்படும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். நான் அந்தக் கேக்கை விழுங்கிவிட்டுப் போய்க் கழிவறையில் வாந்தி எடுத்தேன். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கொண்டுபோன என் தம்பி சசி முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தானா என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

ஹமீதும் நானும் பேசுவது டேனிஷில். இரண்டு பேருடையதும் உடைந்த டேனிஷ் என்பதால் எங்களுக்குள் நன்றாகவே விளங்கும். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அண்ணை. பெட்டி அடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொல்லியிருந்தார். வெளிநாட்டுப் படை வந்து பழைய ராணுவத்தைக் கலைத்தது. வேலை போன அதிகாரிகளையும் மதத்தின் பேரில் ஆள் திரட்டியவர்களையும் ஒரே சிறை முகாமில் அடைத்தது. "ஒருத்தனுக்குச் சண்டை தெரியும், மற்றவனுக்குக் கதை தெரியும். வெளியில வரேக்க ரெண்டு பேரும் ஒரு ஆள்" என்றார் ஹமீத். பிறகு அவர்கள் தங்கள் மதத்தின் மற்றப் பிரிவினரின் பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் குண்டு வைத்தார்கள். மற்றப் பிரிவினர் ஹமீதின் ஆட்களைத் திருப்பி அடிக்கட்டும் என்பதுதான் திட்டம். "எங்களுக்கு அடி வேண்டித் தந்தவங்கள். பிறகு, நாங்கள்தான் உங்கட காவல் எண்டு வந்து நிண்டவங்கள்."

ஊரில் அரசாங்கக் கொடி பறந்துகொண்டிருந்தபோதே கடைகளில் அவர்களுக்கு வரி போயிற்று. வேண்டாம் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராக வீட்டு வாசலில் சுடப்பட்டு விழுந்தார்கள். கடைசியில் நகரம் சில நாட்களில் அவர்கள் கைக்கு வந்தபோது, எதிர்க்க ஆள் மிச்சமில்லை. முதல் மாதங்களில் வீதி கூட்டினார்கள், மின்சாரம் கொடுத்தார்கள். அந்த மின்சாரத்தைத் திருத்தப் போனவன்தான் ஹமீதின் தம்பி யூசுப். கையில் குறடோடு போனவனைப் பிறகு துவக்கோடு கண்டிருக்கிறார்கள்; அதன் பிறகு தகவல் இல்லை.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சுமதி கோப்பையை நங்கென்று வைத்தாள். "அவங்களையும் எங்கட இயக்கப் பிள்ளையளையும் ஒரு தராசில வையாதேங்கோ, சொல்லிப்போட்டன்." நான் வைக்கவில்லை. பெண்களைச் சந்தையில் விற்றவர்களைப் பற்றி எனக்கும் அருவருப்புத்தான். ஆனால் வரி, வாசலில் கிடந்த பெரியவர், எதிர்க்க ஆளில்லாத ஊர் என்று ஹமீத் சொல்லச் சொல்ல, அடுத்தது என்ன என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. எங்கள் ஊரிலும் அதே ஒழுங்கில்தான் நடந்தது.

கேக் முடிந்து எல்லோரும் வேலைக்குப் போனார்கள். ஹமீத் எழும்பவில்லை. போனை என் பக்கம் தள்ளினார். அந்தக் கடைசிக் கிராமத்தில் சரணடைந்த ஆண்கள் மணலில் வரிசையாக நடந்து வரும் காணொளி.

"அண்ணை, நீங்கள் பாருங்கோ. என்னால ஏலாது. கண்டால் யூசுப் கடைசிவரைக்கும் அவங்களோட நிண்டவன். காணாட்டி செத்துப்போனான். நான் எதுக்கெண்டு மன்றாடுறது?"

எனக்குத் தேடத் தெரியும்; பத்து வருடமாகச் சசியை இப்படிப் படங்களில் தேடுகிறேன். "முகத்தைப் பாக்கக் கூடாது, ஹமீத். பசி முகத்தை மாத்திப்போடும். எப்பிடி நடப்பான், சொல்லுங்கோ."

"இடது தோள் பதிஞ்சிருக்கும். சின்னனிலயிருந்து சாமான் பெட்டி தூக்கினவன். மின்சார வேலைப் பெட்டி."

பார்த்தேன். தாடியும் போர்வையுமாக வந்துகொண்டே இருந்தார்கள். தோள் பதிந்தவர் ஒருவரும் இல்லை. திடீரென்று ஒருவன், மெலிந்தவன், பாதத்தை உள்ளே திருப்பி வைத்து நடந்து போனான். என் விரல் தானாகப் போய்ப் படத்தை நிறுத்தியது.

"கண்டிட்டீங்களோ?" ஹமீத் மேசைமேல் முன்னால் சாய்ந்தார்.

"இல்லை. இது உங்கட தம்பி இல்லை."

"அப்ப ஏன் நிப்பாட்டினீங்கள்?"

சசி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நடப்பான். வேறு நாடு, வேறு மணல், பத்து வருடம் பிந்திய படம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் விரலை எடுக்க மனம் வரவில்லை. ஹமீத் என் முகத்தைப் பார்த்தார். கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"இன்னொருக்கால் பாப்பம்" என்றேன்.

போன் மேசையில் நிற்காமல் வழுக்கியது. அதை அந்தச் சின்னச் சிவப்புக் கொடியின் கம்பத்தில் சாய்த்து வைத்து, இரண்டு பேருமாக முதலில் இருந்து பார்க்கத் தொடங்கினோம்.