மயில்கழுத்துக்கு இரண்டு குச்சி

எழுபத்து நாலாம் வருஷம் வந்தவாசி தாலுகா ஆபீசில் ரிடையர் ஆகி அனந்தராஜ் நயினார் ஆரணிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. வேலையில்லாத ஆம்பிளை பகலெல்லாம் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று பெண்களைக் கேட்டால் தெரியும். சமையற்கட்டில் புகுந்து டப்பாக்களை எல்லாம் இறக்கி, பெரிசு சிறிசு பார்த்து அடுக்கி வைப்பார். மத்தியானம் அவர் சம்சாரம் கமலாவதி தேடினால் உளுந்து அகப்படாது. "ஏங்க, உங்கள இன்னும் ரெண்டு வருஷம் அந்த ஆபீஸ்லயே வெச்சிகினு இருக்கக் கூடாதா?" என்று அந்த அம்மாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

நல்ல மனிதர்தான். ஆனால் கொள்கைக்காரர். கொள்கைக்காரரோடு குடித்தனம் பண்ணுவது லேசான காரியமா என்ன? தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கிற ஊரில் ஒரு முழம் பட்டு இல்லாத வீடு அவருடையது. நாற்பதாம் வருஷம் தேசூர் மாப்பிள்ளையான அவருக்கும் தெள்ளார் பெண்ணான கமலாவதிக்கும் கல்யாணம் ஆயிற்று. அந்த வருஷமே ஜைன முனிவர் ஒருவர் தேசூருக்கு வந்து தங்கினார். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் புழு வெந்நீரில் வேகிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு, இனி பட்டு என் வாசற்படி ஏறாது என்று விரதம் எடுத்துக்கொண்டு வந்து நின்றார் அனந்தராஜ். கமலாவதியின் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு பட்டு, அவள் கல்யாணப் புடவை. அவளே எடுத்து மடித்துக் கொடுத்தாள். வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்த காத்தவராயனின் மகள் கல்யாணத்துக்கு அது போயிற்று.

"அவளே மடிச்சிக் குடுத்தா சார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசல" என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் அவர் பெருமையாகச் சொல்வார். அந்தப் பேச்சு எடுத்தால் போதும், கமலாவதி ஏதோ வேலை இருக்கிறாற்போல எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆபீஸ் ஃபைலில் ஒரு காகிதம் இடம் மாறினால் கண்டுபிடிக்கிற மனிதர், இதை மட்டும் கண்டதில்லை.

இராஜமாணிக்கம் என்று ஒரு டிராயிங் மாஸ்டர். அவரும் ரிடையர் ஆனவர். கமலாவதி படுகிற பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, "படம் போட வாங்க நயினாரே, பொழுது போறதே தெரியாது" என்று கூப்பிட்டார். போனார். மாஸ்டர் அவர் கையில் பிரஷைக் கொடுத்தார். நயினார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா முடி?"

"அணில் வால் முடி. அந்தப் பெரிசு பன்னி முடி."

அவ்வளவுதான். சுட்ட சட்டியைத் தொட்டவர் மாதிரி பிரஷைக் கீழே போட்டுவிட்டு, ராம ராம என்கிற ஆள் இல்லையாகையால், 'ணமோ அரஹந்தாணம்' என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மாஸ்டர் விடவில்லை. "பேஜாரான ஆளுய்யா நீரு! உக்காரும்" என்று அதட்டி, மெட்ராஸிலிருந்து வந்த ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் படுத்திருந்தன பாஸ்டல் குச்சிகள், ஒரு நிறத்துக்கே நாலு சாயலாக. பிரஷ் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். தாளில் தீற்றி விரலால் தேய்த்தால் போதும்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். முதலில் போட்ட கத்தரிக்காய் செருப்பு மாதிரி வந்தது. கமலாவதி பார்த்துவிட்டு, "ஜோடி எங்க?" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பழுப்புத் தாள் வாங்கி வந்து பூசணி, கொடியில் காயும் வேட்டி, தேசூர் போகிற பஸ் என்று கண்ணில் பட்டதை எல்லாம் போட்டார். வெள்ளை வேட்டியில் நாலைந்து நிறம் இருக்கிறது என்று கண்டுபிடித்த நாளில் தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னார். "நயினாருக்கு இன்னாமோ ஆயிடுச்சி" என்று ஊர் சிரித்தது. பொடி உதிர்ந்து வீடெல்லாம் கலர். கமலாவதி துடைப்பத்தோடு பின்னாலேயே அலைந்தாள். ஆனாலும் உளுந்து டப்பா இடத்தில் இருந்தது, அந்த மட்டும் புண்ணியம்.

காலையில் தறிக்காரர்கள் தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டுவார்கள். அடுத்த தெருத் தறிக்காரர் சம்பந்தம் நீட்டுகிற பாவில் வெயில் விழும்போது, அந்தச் சிவப்பும் மஞ்சளும், அடேயப்பா, கண் கூசும். அந்த நாளில் அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நயினார் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தொட மாட்டார், பார்ப்பதோடு சரி. கண்ணால் பார்ப்பதற்கு விரதம் இல்லையே! படமாக வீட்டுக்குள் வந்த பட்டைக் கமலாவதி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். துடைப்பம் கையிலேயே இருக்கும்.

ஆறு வருஷம் போயிற்று. எண்பதில் மகள் சந்திரகாந்தா ஊரிலிருந்து வந்தவள், "உங்க கண்ணாலத்துக்குத்தான் போட்டோவே எடுக்கலியே. அம்மாவப் பொண்ணு கோலத்துல போடுங்கப்பா" என்று கேட்டுவிட்டுப் போனாள். நயினாருக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து நாள், யாருக்கும் காட்டாமல், கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். பதினாறு வயசுக் கமலாவதி. நெற்றிச் சுட்டி, குனிந்த முகம், அரக்குப் பட்டு, மஞ்சள் கரை. ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டுக் காட்டினார்.

கமலாவதி பார்த்தாள். கிட்டே போய்க் குனிந்து புடவையையே பார்த்தாள்.

"நல்லா இல்லியா?"

"இது யாரு பொடவைங்க?"

"உன்னுதுதான். கண்ணாலப் பொடவை."

"என்னுது அரக்கு இல்லீங்க. மயில்கழுத்து."

"அரக்குதான கமலா? எனக்கு நல்லா ஞாபகம்..."

"இன்னா ஞாபகம்?" அந்தக் குரலை அவர் நாற்பது வருஷத்தில் கேட்டதில்லை. "வெயில்ல நின்னா நீலம், நெழலுக்கு வந்தா பச்சை. எங்கப்பா இதே ஆரணிக்கு மூணு தபா நடையா நடந்து நெய்ய வெச்சி எடுத்தாந்தாரு. வண்டியில வரும்போது வழியெல்லாம் முந்தானையத் திருப்பித் திருப்பிப் பாத்துகினே வந்தேன். பத்து மாசம் என் பெட்டியில இருந்திச்சி. கலர் கூடத் தெரியாமதான் தூக்கிக் குடுத்தீங்களா?"

"நீதான மடிச்சிக் குடுத்த? ஒரு வார்த்தை..."

"வெரதம் எடுத்துகினு வந்து வாசப்படியில நின்னா, பதினாறு வயசுப் பொண்ணு வேற இன்னா பண்ணும்? மெதுவாத்தான் மடிச்சேன். அதையாவது பாத்தீங்களா?"

அவள் அழவில்லை. அவருக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. தான் பெருமையடித்த ஒவ்வொரு தடவையும், அவள் எழுந்து உள்ளே போன ஒவ்வொரு தடவையும் வரிசையாக ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டார்.

மறுநாள் விடிந்ததும் சம்பந்தத்தின் தறிக்குப் போனார்.

"மயில்கழுத்து எப்படிப்பா வருது?"

"ஒரு சாயத்துல வராதுங்க நயினாரே. பாவு நீலம் போட்டு, குறுக்கால ஓடற ஊடை பச்சை வுடணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் அது."

வீட்டுக்கு வந்து அரக்கைச் சுரண்டி எடுத்தார். மேலே நீலம் தீற்றி, அதன்மேல் பச்சை தீற்றித் தேய்த்தார். பாசி பிடித்த குளம் மாதிரி இருந்தது. மறுபடி சுரண்டினார். மத்தியானம் தாண்டிப் படத்தையும் குச்சிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் கமலா. வெரதத்த வுட்டுடறேன். அதே மாதிரி ஒண்ணு நெய்யச் சொல்லட்டுமா?"

கமலாவதி அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"வேணாங்க. எனக்கும் இப்ப அந்தப் புழு நெனப்புதான் வரும். அப்பவும், இப்படி இப்படின்னு எடுத்துச் சொல்லி, குடுத்துடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல. அதான் இத்தினி வருஷமா அறுத்துகினு இருந்திச்சி."

அவர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "எந்த நீலம்னு சொல்லு" என்றார்.

அவள் யோசித்து ஒரு நீலத்தை எடுத்தாள். பச்சைக்கு நாலு குச்சியை எடுத்துப் பார்த்து மூன்றைத் திருப்பி வைத்தாள். அவர் தீற்றினார். "அப்படி இல்ல, அழுத்தாதீங்க" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை, "குடுங்க இப்படி" என்று குச்சியைப் பிடுங்கித் தானே தீற்றி, தானே விரலால் இழுத்தாள். முழங்காலருகே ஒரு மடிப்பில் நீலத்துக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. "இதாங்க. இதேதான்" என்று சின்னப் பெண் மாதிரி கத்தினாள். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மூஞ்சி மட்டும் எப்படிங்க அப்படியே வந்திச்சி?" என்று நடுவில் கேட்டாள்.

"அன்னிக்குப் பூரா அதைத்தான பாத்துகினு இருந்தேன். பொடவைய எங்க பாத்தேன்?"

அவள் குச்சியை மாற்றிக்கொண்டாள்.

கோவில் மணி கேட்டுத்தான் நயினார் ஜன்னல் பக்கம் திரும்பினார். திடுக்கென்றது. சூரியன் இறங்கிவிட்டது. ஜைன நியமப்படி, இருட்டிய பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாய் இருவருடையதும். கல்யாணம் ஆன நாளாக ஒரு பொழுதும் அவள் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டதில்லை. ஆக்கின சோறு அடுப்பங்கரையில் அப்படியே இருந்தது.

"கமலா, இருட்டிடுச்சி! சாப்பிடவே இல்லியே. இப்ப இன்னா பண்றது?"

"ஒரு ராத்திரி பட்டினி கெடந்தா செத்தா பூடுவோம்?" என்றாள் அவள், தலை நிமிராமல். "முந்தானை இன்னும் பாக்கி இருக்குது. போயி லைட்டப் போட்டுட்டு, அந்தாண்ட நவுந்து நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."