வேட்டையாடிக் காட்டச் சொன்ன நாள்

மாப்பிள்ளையூரணியில் நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். காட்டுநாயக்கர் பெண் ஒருவர், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு வந்தார். இரண்டு முறை விண்ணப்பித்தோம். இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள். வேறு சாதியின் பெயரில் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும் என்று நான்தான் சொன்னேன்.

“பொய்யா எழுதிப் படிச்சா, அவ யாரு பிள்ள அண்ணாச்சி?” என்றார். மூன்றாம் முறையும் விண்ணப்பித்தோம்.

இந்த முறை ஓர் அதிகாரி விசாரணைக்கு அவர் வீட்டுக்கே வந்தார். நானும் போயிருந்தேன்.

“பழங்குடின்னா வேட்டையாடத் தெரியணுமே. எங்க, ஒரு கண்ணி வச்சுக் காட்டுங்க” என்றார் அதிகாரி.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. “வேட்டைக்குப் போனா கேஸ் போடுதீங்க. போகலன்னா பழங்குடி இல்லைன்னு சொல்லுதீங்க. நாங்க என்னதான் செய்ய சார்? வீட்டுல எங்க பாஷைதான் பேசுதோம். உக்காந்து கேட்டு எழுதிக்கிடுங்க.”

தாயும் மகளும் பேசத் தொடங்கினார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அதுவரை நின்றுகொண்டிருந்த அதிகாரி, நாற்காலியை இழுத்துப் போட்டு எழுதத் தொடங்கினார்.

அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இனத்தின் பெயர் இருந்த வரியை மகளை உரக்க வாசிக்கச் சொல்லி, இரண்டு தடவை கேட்டார். மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள்.