கோர்ட்டில் நிறுத்தும் ஆண்டவரே

பிரியமானவர்களே, ஆண்டவர் என் ஜெபம் ஒன்றைக் கேளாமல் விட்டார். அதற்கு நன்றி சொல்லத்தான் நிற்கிறேன். சிரிக்காதீர்கள். அன்று கேட்டபடி நடந்திருந்தால் என் வீட்டுக்காரர் எனக்கு உயிரோடு கிடைத்திருப்பாரோ என்னவோ.

எழுபதுகளின் தொடக்கம். அவர் கோபாலபுரத்தில் ஒரு பங்களாவில் டிரைவர். முதலாளியின் கைக்கடிகாரம் காணாமல் போய்விட்டது. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். எதற்கென்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் விழுந்து அழுதேன். எங்கள் குடும்பத்தில் கோர்ட் படி ஏறினவர் கிடையாது. எனக்கு அந்த மானம்தான் பெரிதாக இருந்தது.

"ஐயா, கோர்ட்டுக்கு மட்டும் இட்டுனு போவாதீங்கய்யா!"

ஏட்டு இரக்கமாகத் தலையாட்டினார். "சரிம்மா, எதுவும் எழுதாமயே வச்சிக்கிறோம். விசாரிச்சிட்டு வுட்டுடுவோம். நீ ஊட்டுக்குப் போ."

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பாவி நான்!

வெள்ளிக்கிழமைவரை உபவாசமிருந்து அதையேதான் கேட்டேன். கோர்ட் வேண்டாம் ஆண்டவரே, கோர்ட் வேண்டாம். அவரைப் பார்க்க விடவில்லை. கொண்டுபோன சாப்பாடும் அப்படியே திரும்பி வந்தது.

வெள்ளி சாயங்காலம் மயிலாப்பூரில் வீட்டு ஜெபக்கூட்டம். அங்கேயும் இதற்காகவே ஜெபிக்கச் சொன்னேன். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் ரூபி அக்கா சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"இன்னாடி வேண்டிக்கினு கீற நீ? இருவத்தினாலு மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்டி, அது சட்டம்! எதுக்குப் புட்சாங்கன்னு சொல்லணும், வக்கீலப் பாக்க வுடணும். கோர்ட்டுக்கே போவலன்னா உள்ள ஒரு ஆளு கீறாருன்னு யாருக்குத் தெரியும்? அடிச்சா யாரு கேக்கறது?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, திரும்பி வந்த சாப்பாடு நினைவுக்கு வந்தது. அங்கேயே முழங்கால் போட்டு, "அவரைக் கோர்ட்டில் நிறுத்தும் ஆண்டவரே" என்று கதறினேன்.

அக்கா அதற்குமேல் என்னை உட்காரவிடவில்லை. அவருடைய வக்கீல் சொன்னபடி தபால் ஆபீசிலிருந்து மாஜிஸ்திரேட்டுக்கும் கமிஷனருக்கும் தந்தி கொடுத்தோம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்பதை விடாமல் எழுதினோம். அப்போது மணி ஆறு.

சனிக்கிழமை காலை அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்குத்தான் பிடித்தோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வக்கீல் தந்தி ரசீதை நீட்டினார். எட்டு மணிக்குப் பிடித்த ஆளுக்காக ஆறு மணிக்கே எப்படித் தந்தி வரும்? மாஜிஸ்திரேட் அதை இரண்டு தரம் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரை, "அடித்தார்களா?" என்று கேட்டார். அவர் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினார். நான் முகத்தை மூடிக்கொண்டேன். மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, டாக்டரிடம் காட்ட உத்தரவிட்டார். அன்றே ஜாமீனும் கொடுத்தார். பின்னால் வழக்கிலும் விடுதலை கிடைத்தது. ஸ்தோத்திரம்!

கோர்ட் படியில் அவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தேன்.

"ஆண்டவர வேண்டிக்கினே, கோர்ட்டுக்கு இட்டுனு போங்கய்யான்னு மூணு நாளும் கெஞ்சினேன்மா. உன் பொண்டாட்டியே வேணான்னுட்டாடான்னு சிரிச்சாங்க" என்றார்.

அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இப்போது யார் வீட்டு ஆளைப் பிடித்தாலும் நானும் அந்த வீட்டுப் பெண்ணோடு போய் நிற்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள், விசுவாசமாய் இருங்கள். ஆனால் பிடித்த நேரத்தை முதலில் எழுதி வையுங்கள். அந்த மூன்று நாளும் ஒரே வீட்டிலிருந்து ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு ஜெபங்கள் போயின. ஆண்டவர் உள்ளே இருந்தவருடையதைக் கேட்டார்.