தண்ணீர்ப் போத்தலில் பிளீச்

உங்கள் அலுவலகக் கழிவறையைக் கழுவுபவர் கிருமி கொல்லும் பிளீச் திரவத்தை எதில் வைத்திருக்கிறார் என்று என்றாவது பார்த்ததுண்டா?

கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் பகுதி அலுவலகம் ஒன்றுக்குத் துப்புரவு வேலைக்கு வரும் பிலோமினா, வீட்டில் ஒரு டப்பாவைக்கூட வீசாதவர். "பிளீச் ஊத்த வீட்டுலருந்து வெறும் போத்தல் கொண்டு வாங்கக்கா, குப்பை குறையும் லா" என்று மேற்பார்வையாளர் சொன்னதால், தண்ணீர்ப் போத்தலில் பிளீச் நிரப்பினார்.

சென்ற வாரம் உடன் வேலை செய்யும் வாணி தாகத்தில் அதைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள். பிலோமினா பாய்ந்து தட்டிவிட்டார். சிதறிய பிளீச் பட்டு வாணியின் கழுத்து சிவந்தது.

"பேர் எழுதி ஒட்டலையா அக்கா?" என்றார் மேற்பார்வையாளர்.

"வீட்டுல தண்ணி போத்தல்ல தண்ணிதான் ஊத்துவேன் பாஸ். பிளீச்சுக்கு நீங்கதான் போத்தல் குடுக்கணும்."

நாளை உங்கள் அலுவலக மாடியில் துப்புரவுத் தள்ளுவண்டியைப் பாருங்கள். அதில் தண்ணீர்ப் போத்தலில் பிளீச் இருந்தால், உரிய போத்தல் கேட்டு நிர்வாகத்துக்கு அன்றே எழுதுங்கள்.