பின்பக்கத்தில் பேசுகிறேன் என்றார்

வளைகுடாவில் புஜைரா துறைமுக வேலைக்குப் போன நாங்கள் ஊருக்குக் கடிதம் எழுதுவதை விட்டு வெகு காலமாகியிருந்தது. எல்லாம் கேசட்தான். வீட்டில் பேசி அனுப்புவார்கள். கேட்டுவிட்டு அதன் மேலேயே நாங்கள் பேசி, லீவில் போகிறவன் கையில் கொடுத்துவிடுவோம். பெண்டாட்டி போட்ட சண்டையை அழித்துவிட்டுப் புருஷன் சமாதானம் சொல்வான். அந்தச் சமாதானத்தை அழித்துவிட்டு அவள் மறுபடியும் சண்டைக்கு வருவாள். ஒரே கேசட்டில் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் ஓடும்.

என்னிடம் ஒரு கேசட் மட்டும் திரும்பிப் போகாமல் கிடந்தது. அம்மா பேசியது. பதில் பேச நான் உட்காருவதற்குள் அவள் போய்விட்டாள். தந்தி வந்த அன்று ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது எங்கள் அரபு முதலாளியிடம். கஃபீல் வெளியூரில். "மாஃபி லீவ், கலாஸ்", லீவ் கிடையாது, பேச்சு முடிந்தது என்று கிளார்க் கையை விரித்துவிட்டான். நான் கடைசிப் பிள்ளை, தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன். அண்ணன் வைத்தான். அந்த நேரம் நான் சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்காக ஆபீஸ் வரை வந்து சத்தம் போட்டவர் ஒருவர்தான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு ஒரு சின்ன சபைக்குப் போதகராகி, அந்தச் சபை சோறு போடாததால் எங்கள் கேம்புக்குக் காவல் சூப்பர்வைசராக வந்தவர். பாஸ்டர் ஐயா என்போம். வெள்ளிக்கிழமை காலை மெஸ் ஹாலில் ஆராதனை நடத்துவார். நான் வேதக்காரன் இல்லை. இருந்தாலும் போய் உட்காருவேன், பாதிப் பேர் என்னைப் போலத்தான். மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட சட்டை, முகம் தெரிகிற மாதிரி பூட்ஸ். எங்களை ஆட்டுமந்தை மாதிரி பார்க்காத ஒரே ஆள் என்று நினைத்திருந்தோம்.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. சாரம் சரிந்து ஒருவன் செத்தபோது, பிணம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. கம்பெனி கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் காலை டூட்டிக்குப் போகிற பஸ்ஸின் முன்னால் பாஸ்டர் போய் அட்டென்ஷனில் நின்றார். பழைய மெடல்களைச் சட்டையில் குத்தியிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான், ஃபோர்மேன் "ஜல்தி, ஜல்தி" என்று கத்திப் பார்த்தான். அவர் அசையவில்லை, நாங்களும் ஏறவில்லை. அந்த வாரமே பிணம் ஊருக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற நிலைக்கு வந்துவிட்டோம்.

அவர் சொன்னது, ஊரில் வருகிற சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன் என்பது. அவருக்கும் எனக்கும் ஒரே தொகுதி. நாங்கள் யாரும் ஓட்டுப் போட முடியாது. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் போடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் கேசட்டில் பேசி அனுப்புவது என்று முடிவு செய்தார். கட்சிக்காரன் மைக் வைத்துத் தெருவில் கத்துவான், இவர் நேராக அடுப்படிக்குள் போய்ப் பேசுவார். நல்ல யோசனைதான், இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் தாலுகாக்காரர் ஒருவர் லீவில் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அன்று கடைகள் சாயங்காலம்தான் திறக்கும், புதுக் கேசட் வாங்க வழியில்லை. காலையில் பாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு ரூம் ரூமாக வந்தார். எல்லாரும் இருக்கிற கேசட்டைப் போட்டார்கள். எப்படியும் அழியப் போகிறதுதானே. என் முன்னால் வந்து நின்றார்.

"எங்கிட்ட அம்மா பேசுனது மட்டுந்தான் இருக்கு, ஐயா."

"தெரியும் தம்பி. ஒரு பக்கந்தான பேசியிருக்காங்க? பின்பக்கம் சும்மாத்தான கெடக்கு. நான் அதுல பேசுதேன். ஒங்க ஊரு ஓட்டு எனக்கு முக்கியம்லா."

நான் தயங்கினேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"ஒன்னைய மாதிரி எத்தன பேரு பெத்த தாய்க்குக் கொள்ளி போட முடியாமக் கெடக்கான். அத அங்க போய்க் கேக்கத்தான நிக்கேன்? ஒங்க அம்மா பேருல கேக்கேன்."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? கொடுத்தேன். அம்மா பேசிய பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, "இது ஒட்டுன பக்கம் அம்மா, ஐயா" என்று இரண்டு தரம் சொன்னேன். "நான் பட்டாளத்துக்காரன், ஒரு தரம் சொன்னாப் போதும்" என்று சிரித்தார். அன்று எனக்குக் கான்கிரீட் ஓவர்டைம். திரும்பி வந்தபோது லீவ்காரர் கிளம்பிப் போயிருந்தார்.

அடுத்த மாதம் பாஸ்டரும் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். பஸ் புறப்படும்போது எங்களைப் பார்த்து சல்யூட் அடித்தார். சில பேர் அழுதார்கள். நானும்தான்.

பிறகு ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பாஸ்டர் மனுத் தாக்கல் செய்தார், கேசட் நன்றாகவே வேலை செய்தது. பெண்கள் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பெரிய கட்சி வேட்பாளர் பயந்துபோயிருக்கிறார். அந்த வேட்பாளர் யாரென்றால், எங்களில் முக்கால்வாசிப் பேரை விசாவுக்கு அனுப்பிய ஏஜெண்ட். கொத்தனார் வேலை என்று சொல்லிக் கம்பி கட்ட அனுப்பியவர். வாபஸ் வாங்கக் கடைசி நாளில் பாஸ்டர் வாபஸ் வாங்கினார். மறுநாள் மேடையில், அதே மெடல்களைக் குத்திக்கொண்டு, ஏஜெண்டின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாராம். எங்கள் பெண்கள் ஏமாந்து போய் அந்த ஏஜெண்டுக்கே போட்டார்கள். ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள்தானே சொல்லிக் கொடுத்திருந்தோம்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்காக ஓர் அலுவலகம் திறப்பேன் என்று கேசட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அதை மட்டும் நிறைவேற்றினார். ஏஜெண்டின் கிளை அலுவலகம், இவர் பொறுப்பில்.

என் கேசட் யார் யார் கையிலோ மாறி ஒரு வழியாக வந்து சேர்ந்தது. பிளாஸ்திரி அப்படியே ஒட்டியிருந்தது. நிம்மதியாக அந்தப் பக்கத்தைப் போட்டேன். "அன்பான தாய்மாரே" என்று பாஸ்டர் ஆரம்பித்தார். திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெறும் இரைச்சல், அவர் தொடவே இல்லை. டேப்ரெக்கார்டரை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

லீவ் கிடைத்து ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவர் அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் பட்டாள உடுப்போடு அவர் படம். பெஞ்சில் பயல்கள் பாஸ்போர்ட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கேசட் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் கேசட்டு தம்பி? எத்தனையோ கேசட்டுல பேசுனேன்லா" என்று யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, "கொரலு தெளிவா விழுந்திருந்துச்சா?" என்று கேட்டார்.

தெளிவாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கேசட் இன்றும் என்னிடம் இருக்கிறது. அவருடைய பேச்சு அம்மாவின் பேச்சைவிடக் கொஞ்சம் சின்னது. "உங்க பிள்ளைங்க குரல சட்டசபையில கேக்க வைப்பேன்" என்று முழங்கி அவர் முடித்த பிறகு, ஒரு டக் சத்தம். அதற்கு அப்புறம் அழியாமல் மிஞ்சிய துண்டில் அம்மா இருமுகிறாள். பக்கத்திலிருந்த அண்ணனிடம் கேட்கிறாள்: "ஏல பெரியவனே, இது ஓடுதா? நான் பேசுனதெல்லாம் அவனுக்குக் கேக்குமால?"

அவ்வளவுதான் மிச்சம். நாடா நைந்துவிட்டது, வேகமாக ஓட்டினால் அறுந்துபோகும். அதனால் அம்மாவைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறபோதெல்லாம், முதலில் அந்த ஆளின் பேச்சை முழுசாகக் கேட்டாக வேண்டியிருக்கிறது.