மாமி எனக்காகப் பிடித்த விரதம்

எங்களுக்குப் பிள்ளை வேண்டி மாமி கந்தசஷ்டி விரதம் பிடித்த வருடம், நானும் என் கணவரும் தாம்பத்தியம் என்ற ஒன்றை ஒருதரம்கூடத் தொடங்கியிருக்கவில்லை. கலியாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தது. மாமிக்கு அது தெரியாது. முருகனுக்குத் தெரிந்திருக்கும். அவர் பாவம், என்னதான் செய்வார்?

என் கணவரின் தாயைத்தான் மாமி என்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து, ஆறு நாள் விரதத்துக்கு மிளகும் தண்ணீரும் மட்டுமாகக் கிடந்தார். சீனி வருத்தக்காரி, நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறவர். நாலாம் நாள் கோயில் வாசலில் தலைசுற்றி விழுந்துவிட்டார். ஓட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சீனித்தண்ணீர் பருக்கப் போனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். "விடு பிள்ளை, உங்களுக்காகத்தானே" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் அவர்மேல் இல்லை, என்மேல். கோதாரி விழுந்த ஒரு பொய்க்காக ஒரு மனுஷி பட்டினி கிடக்கிறாளே என்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

நான் புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. வாயால் பிழைக்கிறவள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியைக் குறுக்கே பேசவிட மாட்டேன், காலி வீதி பஸ் கொண்டக்டரோடு சிங்களத்தில் சண்டை பிடிப்பேன். இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் எனக்கு எந்தப் பாஷையிலும் வாய் வரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நாங்கள் நெருங்கும்போதெல்லாம் என் உடம்பு தானாகவே இறுகிக்கொள்ளும். அதை மீறினால் எரிவும் நோவும் உயிர்போகும். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆசையும் இருந்தது, அதை எழுத எனக்கென்ன வெட்கம்? நான் ஒருதரம் "ஆ" என்றால் போதும், மனுஷன் முகம் வெளிறி விலகிவிடுவார். பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியிடம் ஜாடைமாடையாகக் கேட்டேன். "முதல்ல அப்பிடித்தானடி, பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு" என்றாள். இரண்டு வருடம் பல்லைக் கடித்ததுதான் மிச்சம்.

நான் தொழில் பழகிய சீனியரின் மேசைக்கு ஒருமுறை இப்படியான ஒரு விவாகரத்து மனு வந்தது. 'பிரதிவாதி விருப்பமின்றித் தாம்பத்தியத்தை மறுத்து வந்தார்' என்று என் கையாலேயே தட்டச்சு செய்தேன். அந்தப் பெண்ணை நான் கண்டதில்லை. அவளுக்கும் விருப்பம் இருந்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. என் கலியாணம் அந்தக் கடதாசியில் போய் முடிந்துவிடுமோ என்ற பயம் பிறகுதான் வந்தது.

மாமி ஊருக்குத் திரும்ப முதல், பிள்ளைப்பேற்று டொக்டர் ஒருவரிடம் தானே போன் எடுத்து எங்களைக் காட்ட நாளும் நம்பரும் எடுத்துவிட்டார். மறுக்க ஒரு காரணமும் சொல்லத் தெரியாமல் நாங்களும் போனோம். அந்த டொக்டர் ஒரு தமிழ் அம்மா. "கிழமைக்கு எத்தினை தரம்?" என்று பேனையைத் தூக்கியபடி கேட்டார். என் கணவர் கணக்கியல் படித்தவர், ஒரு இலக்கத்தைக்கூடச் சரிபார்க்காமல் சொல்ல மாட்டார். அன்றைக்கு யோசிக்காமல் "மூண்டு" என்றார். டொக்டரும் எழுதிக்கொண்டார்.

வெளியில் வந்ததும் நடுத்தெருவில் பிடித்துக்கொண்டேன்.

"மூண்டோ? ஏன், ஏழு எண்டு சொல்லியிருக்கலாமே!"

"பதட்டத்தில வந்திட்டுது. சைபர் எண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

"ஓம், சொல்லியிருக்கலாம்!"

"அப்ப நீர் ஏன் சொல்லேல்ல?"

ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போய் முகத்தைப் பார்க்காமல் இருந்து குடித்துவிட்டு வந்தோம்.

அந்த மூன்றை வைத்து ஐந்தாறு மாதம் வைத்தியம் நடந்தது. இரத்தப் பரிசோதனை, மாத்திரை, நாள் குறித்த அட்டவணை. இல்லாத வருத்தத்துக்கு இரண்டு பேரும் ஒழுங்காக மருந்தெடுத்தோம். கடைசியில் உள்ளே கருவி வைத்துப் பார்க்கும் ஸ்கேன் ஒன்று வேண்டும் என்றார்கள். கட்டிலில் படுத்தேன். கருவி தொட்டதும் நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். "கொஞ்சம் இளக்கி விடுங்கோ" என்று அவள் சினந்தாள். இளக்கத் தெரிந்தால் நான் ஏன் அங்கே வந்திருக்கப் போகிறேன்!

டொக்டர் கருவியை அப்பால் வைத்துவிட்டார். நர்ஸை வெளியே அனுப்பினார். போர்வையை இழுத்து என்னை மூடிவிட்டு, "ஒருக்காலாவது நடந்திருக்கோ, அம்மா?" என்று கேட்டார். அப்படி நேராக என்னை ஒருவரும் கேட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அழுகை வந்தது, அதோடு சேர்ந்து எல்லாம் வந்தது, அந்த மூன்று உட்பட. அவர் சிரிக்கவில்லை. புண்ணோ கிருமியோ இருக்கிறதா என்று வெளியால் மட்டும், என்னைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. "இதுக்குப் பேர் வஜினிஸ்மஸ். கனபேருக்கு இருக்கு. ஒருத்தரும் சொல்லுறேல்ல. மாத்தலாம்" என்றார். பேர் இருக்கிறது என்றதிலேயே எனக்குப் பாதிச் சுகம். பேர் இருந்தால் அது ஒரு வருத்தம், நான் இல்லைத்தானே.

அவர் அனுப்பிய பெண் பிசியோதெரபிஸ்ட் கொட்டாஞ்சேனையில் இருந்தார். புதுக்கடையிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். ஐம்பது வயதிருக்கும், முஸ்லிம் அம்மா, மூக்குக்கண்ணாடியைத் தலைக்குமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். முதல் நாள் என்னைத் தொடவேயில்லை. கடதாசியில் படம் கீறிக் காட்டினார்.

"கண்ணுக்கிட்ட வெரல கொண்டுபோனா கண் மூடுதா இல்லையா? நீங்களா மூடுறீங்க? தானா மூடுது. இதும் அப்பிடித்தான் மகள். அந்த எடத்துத் தசை பயந்து மூடுது. ஒங்கட குத்தம் இல்ல, அவர்ட குத்தமும் இல்ல."

பிறகு வீட்டில் அந்த இடத்தை முகம்பார்க்கும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். முப்பத்தொரு வயதுவரை பார்த்ததில்லை என்றேன்.

"ஊராக்கள்ட காணி உறுதிப் பத்திரமெல்லாம் எல்லை பாத்து வாசிக்கிறீங்க. ஒங்கட சொந்தக் காணிய ஒருநாளும் பாக்கல்லையா?" என்றாரே பார்க்கலாம். எனக்குச் சிரிப்பில் புரைக்கேறியது.

அவர் போட்ட முதல் கட்டளை, மூன்று மாதத்துக்கு ஒரு முயற்சியும் கூடாது என்பது. அதை வீட்டில் வந்து சொன்னதும் என் கணவர் விட்ட பெருமூச்சு இன்னும் காதில் நிற்கிறது. அவரும் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் பயமில்லாமல் கட்டிப்பிடித்தோம். பின்னேரங்களில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரையில் கால் நனைத்தோம். கலியாணம் பேசின காலத்தில் கதைக்காததையெல்லாம் கதைத்தோம்.

பயிற்சி எளிது, பொறுமைதான் பெரிது. மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, விடும்போது கீழ்த்தசையை இளக்கப் பழகவேண்டும். பிறகு அளவு வரிசையில் ஐந்து மழமழப்பான குச்சிகள். டைலேட்டர் என்பார்கள். முதலாவது சுண்டுவிரல் அளவு. ஜெல் பூசி, ஒன்று நோகாமல் பழகினால்தான் அடுத்தது. "நொந்தா நிப்பாட்டணும். பல்லக் கடிக்கிற வேலயே வேணாம்" என்றார் அந்த அம்மா. பெட்டியை அலுமாரியில் என் கூறைச் சேலைக்குக் கீழே ஒளித்துவைத்தேன். சனிக்கிழமை மத்தியானங்களில் அறைக் கதவைச் சாத்துவேன். வெளியே அவர் டிவியில் கிரிக்கெட் போட்டுவிட்டு இருப்பார். நான் கதவைத் திறந்ததும், "இண்டைக்கு எத்தினை?" என்று ஸ்கோர் கேட்பார்.

மூன்றாவதில் ஐந்து கிழமை நின்றுபோனேன். ஒருநாள் விசர் பிடித்து அந்தக் குச்சியைச் சுவரில் எறிந்தேன். அது உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துவந்து, குப்புறப் படுத்து அதைத் தட்டி வெளியே எடுத்தார். தலையெல்லாம் ஒட்டடை. அந்தக் கோலத்தோடு, "கழுவிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அடுத்த கிழமை மூன்றாவது லேசாகப் போனது. ஏனென்று எனக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஐந்தாவதும் பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே நல்ல மழை. அவசரப்படாமல், மூச்சை விட்டு விட்டு, நான் சொன்னபோது மட்டும்.

"நோகேல்ல" என்றேன்.

"உண்மையாவோ?"

"சும்மா கதையாமல் இருங்கோ!"

முடிந்ததும் நான் விம்மி அழ, அவர் பயந்து எழும்பிவிட்டார். சந்தோஷம் என்று விளங்கப்படுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பசி பொறுக்க முடியாமல் காலையில் வாங்கிய பாணும் மீன்குழம்பும் சாப்பிட்டோம்.

ஐப்பசியில் மாமி மறுபடி வந்தார். இந்த முறை தண்ணீரும் ஒருநேரம்தான் என்று நேர்ந்துகொண்டு வந்திருந்தார். விரதம் தொடங்க முந்தின நாள், குசினி மேசையில் இருந்து கல்லும் தூசும் நீக்கி மிளகு தெரிந்துகொண்டிருந்தார். கை மெலிந்து வளையல் முழங்கைவரை வழுகியது. மகன்தான் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த வளையலைப் பார்த்ததும் நானே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"மாமி, இந்த விரதம் வேண்டாம். போன வருஷம் நீங்கள் கிடந்த பட்டினியும் வீண். நாங்கள் அப்ப ஒண்டாயிருந்ததே இல்லை."

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "அப்ப நான் ஆருக்காகக் கிடந்தனான்? கோயில் வாசலில விழுந்தனானே! வாய் இல்லையோ உங்களுக்கு?" என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன், அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இறுகியது, நொந்தது, டொக்டர் சொன்னது, கொட்டாஞ்சேனை, குச்சிகள், மழை பெய்த ஞாயிறு. கோர்ட்டில் சாட்சி சொல்கிறவள் போல ஒன்றும் விடாமல் சொன்னேன்.

தெரிந்த மிளகையும் தெரியாததையும் மாமி ஒன்றாகத் தள்ளிப் போத்தலுக்குள் போட்டார். நாளைக்குத் தனக்கும் சேர்த்துச் சோறு போடச் சொன்னார். பிறகு கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் நாலு பெத்தனான் பிள்ளை. ஒருநாளும் நோகாமல் இருந்ததில்லை. எல்லாருக்கும் உப்பிடித்தானாக்கும் எண்டு இருந்திட்டன். உண்மையைச் சொல்லு, அது நோகாமலும் இருக்குமோ?"

"ஓம் மாமி" என்றேன். "இருக்கும்."